துவைக்கத் தேவைப்படாத ஜெர்சி

கடந்த கோடை விடுமுறையில் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடந்த சிறுவர் கால்பந்துப் போட்டி ஒன்றுக்கு, எங்கள் பயிற்சி மையத்தின் 12 வயதுக்குட்பட்டோர் அணி புதுச்சேரியிலிருந்து சென்றது. ஏழு பேர் ஆடும் ஆட்டம், பாதிக்கு 15 நிமிடம். மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து நாங்கள் அழைத்துச் சென்றது பன்னிரண்டு பிள்ளைகள். காலை எட்டு மணிக்கு முதல் ஆட்டம், கத்திரி வெயில் ஏறியபின் இரண்டாவது, மாலை நான்கு மணிக்கு அரையிறுதி. அரையிறுதியில் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். மூன்று ஆட்டங்களின் 90 நிமிடமும் என் மகன் களத்தில் இருந்தான். நான் பெருமையோடு எல்லாவற்றையும் கைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்தேன்.

திரும்பும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அணியின் மற்றொரு பையனும் அவன் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். ரெட்டிச்சாவடி தாண்டியதும் பையன் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். அந்த அம்மா தண்ணீர்ப் புட்டியைத் தேடிப் பையைத் திறந்தார். உள்ளே 12 என்று எண்ணிட்ட நீல ஜெர்சி, காலையில் இஸ்திரி போட்ட மடிப்புக் கலையாமல், செய்தித்தாள் சுற்றியபடியே இருந்தது. களத்தில் இறக்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார், இறக்கவே இல்லை. என் மடியில் இருந்த மகனின் ஜெர்சியோ வியர்வையும் செம்மண்ணுமாக விறைத்துப்போயிருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து, “இதைத் துவைக்கிற வேலை இல்லக்கா” என்றார். குரலில் கோபம் இல்லை. செய்தித்தாளை மறுபடி ஒழுங்காகச் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

அன்றிரவு வீட்டில் அந்தக் காணொளிகளைப் போட்டுப் பார்த்தபோது, பகல் முழுக்க என் கண்ணில் படாதது கண்ணில் பட்டது. என் மகன் பந்தோடு ஓடும் காட்சிகளின் ஓரத்தில், கவிழ்த்துப் போட்ட தண்ணீர்க் கேன் கூடையின்மேல் அந்தப் பையன் உட்கார்ந்திருக்கிறான். ஒரு காட்சியில் காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டுகிறான். இருபது நிமிடம் கழித்து எடுத்த இன்னொன்றிலும் அதே கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறான். எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்று தயாராக இருந்திருக்கிறான்.

சிறுவர் கால்பந்தை எப்படி நடத்த வேண்டும் என்பது பற்றி எனக்கு அதுவரை சொந்தக் கருத்து என்று எதுவும் இருந்ததில்லை. அடுத்த வாரம் லாஸ்பேட்டையில் பயிற்சி முடிந்தபின் பெற்றோர் கூடிப் பேசியபோது, 12 வயதுக்குட்பட்ட ஆட்டங்களில் அழைத்துச் செல்லப்படும் ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும் என்று விதி வைக்கலாமா என்று கேட்டேன். ஒரு சின்ன விஷயத்தைக் கேட்டதாகத்தான் நினைத்தேன். அந்தப் பேச்சு முடிய மூன்று வாரம் ஆயிற்று, இரண்டு குடும்பங்கள் எங்களை விட்டுப் போயின.

எதிர்ப்பில் முதல் குரல் எங்கள் மாஸ்டருடையது. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளம் வாங்காமல் காலையிலும் மாலையிலும் வந்து நிற்பவர். தன்னிடம் ஆடி, அதன்மூலம் வேலைக்குப் போன பிள்ளைகளின் பெயர்களை ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறார். காவல்துறை, ரயில்வே, மின்வாரியம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். அவரை நான் மதிப்பது அந்த டைரிக்காக மட்டும் அல்ல, மழை பெய்தாலும் மைதானத்துக்கு முதல் ஆளாக வந்துவிடுவார் என்பதற்காகவும்தான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஏம்மா, எல்லாரையும் ஆட வெச்சா எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஆனா குப்பத்துல இருந்து வர்ற பையனுக்குச் சந்தோஷம் மட்டும் போதாது. உங்க புள்ளைக்கு டியூஷன் இருக்கு, படிப்பு இருக்கு. அவனுக்கு இந்தக் காலு மட்டும்தான் இருக்கு. அவன் ஜெயிக்கணும், சர்ட்டிஃபிகேட் வாங்கணும், மேல போகணும். நீங்க பாதி நேரம் அவனை உட்கார வெச்சா அவன் எப்பம்மா மேல போவான்?”

சிறுவர் விளையாட்டில் போட்டி வேண்டாம், வெற்றி தோல்வி வேண்டாம் என்று வசதியான வீட்டிலிருந்து பேசுவது சுலபம் என்று அவர் சுட்டிக்காட்டியது சரிதான். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. கடலூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் ஒரு பையன் பந்தைத் தொடுவதற்கு முன்பே அவன் வீட்டாருக்கு அந்த ஒதுக்கீடு தெரிந்திருக்கிறது. விளையாட்டை ஏணியாகப் பார்க்கிறவரிடம் போய், விளையாட்டு விளையாட்டுக்காகவே என்று வகுப்பெடுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

ஆனால் அன்றிரவு முழுக்க யோசித்தபோது, அவருடைய வாதம் அவர் நினைத்த இடத்துக்குப் போகவில்லை என்று எனக்குப் பட்டது. வேலைக்குக் கணக்கில் வருவது மாநில, தேசிய அளவில் ஆடிய சான்றிதழ். பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளே 14, 17, 19 வயதுப் பிரிவுகளில்தான் நடக்கின்றன. பத்து வயதில் மஞ்சக்குப்பத்தில் வாங்கும் கோப்பையும் காகிதமும் எந்த அலுவலகத்திலும் எதற்கும் உதவப்போவதில்லை. அந்தக் கோப்பைக்காக ஒரு பையனை மூன்று ஆட்டம் உட்கார வைத்தால், அவன் 14 வயதில் மாவட்டத் தேர்வுக்கு வரும்போது மற்றவர்களைவிட எத்தனையோ மணி நேரம் குறைவாக ஆடியவனாக வருவான். பாதிப் பேர் வரவே மாட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை மாஸ்டரிடம் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். கேன் கூடைமேல் உட்கார்ந்திருந்த அந்தப் பையனின் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மூன்று ஆட்டமும் முழுதாக ஆடிய என் மகனுக்குத்தான் டியூஷன் இருக்கிறது. மாஸ்டர் வெகுநேரம் பதில் பேசவில்லை. “அவன் சின்னப் பையன்மா, இடிச்சா விழுந்துடுவான்” என்றார் கடைசியில்.

இந்தச் சின்னப் பையன் விஷயம் அத்தனை சின்னது அல்ல. ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஆடுகிறார்கள். இருவருக்கும் இடையே கிட்டத்தட்ட ஓர் ஆண்டு வித்தியாசம். பத்து வயதில் ஓர் ஆண்டு என்பது வாழ்ந்த வாழ்க்கையில் பத்தில் ஒரு பங்கு. பல நாடுகளின் சிறுவர் அணிகளை எடுத்துப் பார்த்தால், வயதுப் பிரிவைக் கணக்கிடும் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி அதிகமாக இருப்பதை ஆய்வாளர்கள் பலகாலமாகக் காட்டி வந்திருக்கிறார்கள். பயிற்சியாளர் கண்ணுக்குத் திறமையாகத் தெரிவதில் ஒரு பகுதி வெறும் உயரம், எடை. அவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவன் அதிகம் ஆடுகிறான், அதிகம் ஆடியதால் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறான். பிறகு, ‘பார், அன்றே கண்டுபிடித்தேன்’ என்று சொல்ல முடிகிறது.

நம் ஊரில் இதன்மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. என் தலைமுறையில் பள்ளியில் சேர்க்கப் போகும்போது தலைமையாசிரியர் எழுதிக்கொண்ட தேதியே பிறந்த தேதி ஆயிற்று. மே மாதக் கடைசியிலும் ஜூன் மாத முதலிலும் பிறந்ததாகச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று நம் குடும்பங்களிலேயே எண்ணிப் பார்க்கலாம். இன்று பிறப்புப் பதிவு ஒழுங்காகிவிட்ட பிறகும், சிறுவர் போட்டிகளில் வயதைக் குறைத்துக் காட்டி ஆட வைக்கும் பழக்கம் போகவில்லை. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைகளில் வயதை அறிய மணிக்கட்டு எலும்பை ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் முறையை ஃபிஃபா 2009 முதல் கடைப்பிடிக்கிறது. நம் மாவட்டப் போட்டியில் அதற்கெல்லாம் வழி இல்லை. மீசை அரும்பிய ‘பன்னிரண்டு வயது’ப் பையன் எதிரணியில் நிற்பதைப் பார்த்துவிட்டு எந்தப் பயிற்சியாளர் தன் சின்னப் பையனை இறக்குவார்? வெற்றியே அளவுகோல் என்று ஆன இடத்தில்தான் இந்தப் பொய்க்கு விலை கிடைக்கிறது.

எங்கள் இளம் பயிற்சியாளரின் நிலை வேறு. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பயிற்சியாளர்களுக்குத் தரும் தொடக்கநிலைச் சான்றான டி லைசென்ஸ் முடித்தவர். சிறிய களம், குறைந்த ஆட்கள், நிறையப் பந்து என்று அவர் படித்ததெல்லாம் நான் கேட்டதற்கு ஆதரவானதுதான். ஆனாலும் கூட்டத்தில் அவர் வாயைத் திறக்கவில்லை. தனியாகக் கேட்டபோது, “தோத்துட்டு வந்தா அடுத்த மாசம் நாலு பேர் வேற அகாடமிக்குப் போயிடுறாங்க மேடம். அந்த நாலு பேர் ஃபீஸ்தான் என் சம்பளம்” என்றார். சிறுவர் கால்பந்து பற்றிய கருத்து வேறுபாடுகள் பலவற்றின் அடியில் இந்தக் கணக்குதான் கிடக்கிறது என்று நினைக்கிறேன். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் டர்ஃப் எனும் செயற்கைப் புல் மைதானங்கள் புதுச்சேரியைச் சுற்றிப் பெருகியபின் பயிற்சி ஒரு சந்தை ஆகிவிட்டது. கோப்பையோடு நிற்கும் புகைப்படம் அந்தச் சந்தையின் விளம்பரப் பலகை. பத்து வயதுப் பிள்ளை எவ்வளவு கற்றுக்கொண்டது என்பதைப் புகைப்படம் எடுத்துக் காட்ட முடியாது.

கள அளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அறிந்த பல இடங்களில் ஒன்பது வயதுப் பிள்ளைகளை இன்றும் பெரியவர்களின் முழு மைதானத்தில், பக்கத்துக்குப் பதினொரு பேராக, பெரியவர்களுக்கான நம்பர் 5 பந்தைக் கொடுத்து ஆட விடுகிறார்கள். கோல் கம்பத்தின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். நாலடி உயரக் கோல்கீப்பர் குதித்துக் கை நீட்டினாலும் அவன் தலைக்கு மேலே ஒரு வாசல் திறந்தே கிடக்கிறது. பந்தை ஓங்கி உயர அடிக்கத் தெரிந்த ஒரு பையன் இருந்தால் ஆட்டம் முடிந்தது. ஒருமுறை அப்படிப்பட்ட ஆட்டத்தில் என் மகன் முதல் பாதி முழுக்கப் பந்தைத் தொட்டதை எண்ணினேன். என் இரண்டு கை விரல்கள் போதுமானதாக இருந்தன. அதே வாரம் நாலுக்கு நாலு பேராகக் கோன் வைத்து ஆடியபோது ஐந்து நிமிடத்துக்குள் விரல்கள் தீர்ந்துவிட்டன.

பெல்ஜியத்தில் 2000களின் தொடக்கத்தில், மிஷெல் சப்லோன் என்பவர் தொழில்நுட்ப இயக்குநராக இருந்தபோது, சிறுவர் ஆட்டங்களை நூற்றுக்கணக்கில் படம் பிடித்து ஆராய்ந்து இதையேதான் கண்டார்கள்: சின்னப் பிள்ளைகள் பந்தைத் தொடுவதே அரிதாக இருந்தது. களத்தைச் சுருக்கினார்கள், இரண்டுக்கு இரண்டு, ஐந்துக்கு ஐந்து, எட்டுக்கு எட்டு என்று படிப்படியாக ஆட்களைக் கூட்டினார்கள், ஏழு எட்டு வயதுக்குப் புள்ளிப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். சுமார் 1.1 கோடி மக்கள்தொகை கொண்ட அந்த நாடு 2018 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்தது. அந்த ஒரு சீர்திருத்தத்தால்தான் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். நல்ல மன்றங்கள், புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பணம் எல்லாம் சேர்ந்த கதை அது. ஆனால் பட்டியலை எடுத்ததால் வெற்றி வெறி செத்துப்போகும் என்ற பயம் அங்கே பொய்த்தது.

ஜெர்மனியில் இதே சண்டை அண்மையில் இன்னும் காரமாக நடந்தது. 2018 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறிய பிறகு, 2024-25 பருவத்திலிருந்து மிகச் சிறிய பிள்ளைகளுக்குச் சின்னக் கோல்கள், இரண்டு மூன்று பேர் கொண்ட அணிகள், பட்டியல் இல்லாத ஆட்டங்கள் என்று மாற்றினார்கள். டார்ட்மண்ட் மன்றத்தின் தலைமை நிர்வாகியாகவும் அந்நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் துணைத் தலைவராகவும் இருந்த வாட்ஸ்கேயே அதைக் கடுமையாக எதிர்த்தார். தோற்றால் வலிக்கும் என்று தெரியாமல் வளரும் பிள்ளை எப்படி வெல்லும் என்பதுதான் எதிர்த்தவர்களின் கேள்வி. லாஸ்பேட்டையில் எங்கள் மாஸ்டர் கேட்ட கேள்வியை அவர்களும் கேட்டிருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது. அவர் பழைய ஆள் என்பதால் கேட்கவில்லை; கேட்க வேண்டிய கேள்வி என்பதால் கேட்டிருக்கிறார்.

அதற்கு நான் கொடுக்கும் விடை நார்வே. பிள்ளைகளின் விளையாட்டு உரிமைகள் என்ற ஒரு சாசனத்தை அந்த நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு 1987இலேயே ஏற்று, 2007இல் திருத்தியது. பதினொரு வயதாகும்வரை முடிவுப் பட்டியலோ தரவரிசையோ கிடையாது. 55 லட்சம் பேர் கொண்ட அந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்றது. வேறெந்த நாடும் அத்தனை வெல்லவில்லை. தோல்வியின் வலியைப் பிள்ளைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கோல் வாங்கியதும் எந்தப் பிள்ளை சிரிக்கிறது? எண்ணிக்கையைப் பலகையில் எழுதாவிட்டாலும் களத்தில் நிற்கும் அத்தனை பேருக்கும் மனப்பாடமாகத் தெரியும். உட்கார்ந்தே இருக்கும் பிள்ளை தோல்வியைக் கற்றுக்கொள்வதில்லை, தான் தேவைப்படாதவன் என்பதைக் கற்றுக்கொள்கிறது. இரண்டும் வேறு வேறு பாடங்கள்.

நான் கேட்ட பாதி நேர விதிகூடப் புதிதல்ல. கலிஃபோர்னியாவில் 1964இல் தொடங்கிய அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு ஒன்று, ‘எல்லோரும் ஆடுவர்’ என்பதையே முதல் கொள்கையாக வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆட்டத்தில் குறைந்தது பாதி என்று வரையறுத்தது. அந்த நாட்டிலேயே இன்னொரு பக்கம் பணம் கட்டினால்தான் நல்ல பயிற்சி என்ற நிலையும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலையால் பந்தை முட்டுவது பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கே 2015இல் தடை செய்யப்பட்டது. இங்கிலாந்தும் 2024 முதல் படிப்படியாக விலக்கி வருகிறது. இது பற்றி எங்கள் கூட்டத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை.

வெளியூர்க் கதைகள் எதற்கு என்று ஒரு தந்தை கேட்டார். சரி, நம் தெருவுக்கு வருவோம்.

நான் பிறந்து வளர்ந்தது குருசுக்குப்பத்தில். கடற்கரையை ஒட்டிய சந்தில் என் அண்ணன்மார் செருப்பைக் கோல் கம்பமாக வைத்துப் பந்து ஆடுவார்கள். ஆட்டம் தொடங்குமுன் உத்தி பிரிப்பார்கள். ஏறக்குறைய ஒரே திறமை உள்ள இருவர் தோளில் கை போட்டுக்கொண்டு ஓரமாகப் போய் இரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். “தங்கம் வேணுமா, வைரம் வேணுமா?” என்று தலைவர்களிடம் கேட்பார்கள். எது யார் என்று தெரியாமல் ஒரு தலைவன் கேட்பான். அப்படியே இரண்டு இரண்டாகப் பிரிந்தால் இரு பக்கமும் சமமாகிவிடும். பெரியவர் யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு பக்கம் பத்துக் கோல் போட்டால் ஆட்டம் சலித்துவிடும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. ஆளை மாற்றிச் சமன் செய்து மறுபடி தொடங்குவார்கள்.

சோடி கிடைக்காத பொடியன் ஒருவன் எப்போதும் இருப்பான். அவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தச் சொல் இன்று காதுக்கு உறுத்துகிறது, உண்மைதான். ஆனால் அது குறித்த ஏற்பாட்டைப் பாருங்கள்: அவன் இரண்டு பக்கமும் ஆடலாம், அவன் தவறு கணக்கில் வராது, அவனை யாரும் இடித்துத் தள்ளக் கூடாது. இரண்டு கோடை கழிந்தால் அவனுக்கும் சோடி கிடைத்துவிடும். தெருவில் ஒருவனை வீட்டுக்குப் போ என்று விரட்டியிருக்கிறார்கள், கோல் காக்க நிறுத்தியிருக்கிறார்கள், சாக்கடையில் விழுந்த பந்தை எடுக்க அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு, உடையும் கொடுத்து, நாள் முழுக்க உட்கார்த்தி வைக்கும் வழக்கம் தெருவில் இல்லை. பெஞ்சைக் கொண்டுவந்தது பெரியவர்களாகிய நாம்தான்.

இதனால் பிள்ளைகளைத் தெருவிலேயே விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் அணியிலும் நான் இல்லை. அந்தச் சந்தில் ஒப்புக்குக்கூட என்னைச் சேர்த்ததில்லை. நான் திண்ணையில் உட்கார்ந்து பந்து உருண்டு வந்தால் எடுத்துக் கொடுப்பேன். கையால்தான் கொடுக்க வேண்டும், காலால் உதைத்தால் பாட்டி கூப்பிட்டுக்கொள்வார். பெண் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது தெரு அல்ல, ஒழுங்கான பயிற்சிதான். இந்திய அணிக்கு ஆடியவரும் காவல்துறை உதவி ஆய்வாளருமான இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். 2018இல் தமிழ்நாடு இறுதியாட்டத்தில் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசிய மகளிர் கோப்பையை எடுத்து வந்ததே, அந்த அணியில் ஆடியவர் அவர். கடலூரின் இந்திரா காந்தி அகாடமி அதே ஆண்டு இந்திய மகளிர் லீகில் ஆடியது. இந்த ஊர்களின் பெண்கள் இவ்வளவு தூரம் போனதற்குக் காரணம், யாரோ ஒரு பயிற்சியாளர் தினமும் காலையில் வந்து விசில் ஊதியது. மாஸ்டர்மாரின் ஒழுங்கும் வேண்டும், தெருவின் நியாயமும் வேண்டும்.

களத்தின் ஓரத்தில் நிற்கும் நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொந்தக் கோல் பக்கத்தில் ஒரு பிள்ளை பந்தைக் காலில் நிறுத்திச் சுற்றிப் பார்த்தால் போதும், நாலு பக்கமிருந்தும் “அடிச்சு விடுடா! அடிச்சு விடு!” என்று கத்துகிறோம். என் காணொளிகளில் மிக உரக்கக் கேட்பது என் குரல்தான். ஒரு காட்சியில் என் மகன் பந்தைத் திருப்பி, சும்மா நிற்கும் கூட்டாளியைப் பார்க்கிறான், உருட்டிவிடப் போகிறான், அந்தக் கணத்தில் என் கத்தல். அவன் பதறி வெளியே அடித்துவிடுகிறான். எதிரணிக்குத் த்ரோ. அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அவனுக்குத் தெரிந்ததைச் செய்ய விடாமல் தடுத்தது எதிரணி அல்ல. இப்போது நான் வாயை மூடிக்கொண்டு எல்லைக் கோட்டிலிருந்து பத்தடி தள்ளி நிற்கிறேன். பழக்கமாக மூன்று மாதம் ஆயிற்று.

மூன்றாவது வாரம் ஒரு முடிவுக்கு வந்தோம். 10, 12 வயதுப் பிரிவுகளில் ஒரு பருவத்துக்கு மட்டும் சோதனை. யார் எப்போது இறங்குவார் என்பதை ஆட்டத்துக்கு முன்பே தாளில் எழுதிவிட வேண்டும், தோற்கும் நிலை வந்தாலும் தாளை மாற்றக் கூடாது. தாளை எழுதுவது நான், கடிகாரம் பார்ப்பது மாஸ்டர். அவர் சம்மதித்ததற்குக் காரணம் நான் காட்டிய நார்வே அல்ல என்பது எனக்குத் தெரியும். அந்த லோடு ஆட்டோக்காரரின் மகன் அவர் மனதில் உறுத்திக்கொண்டிருந்தான். 13 வயதுக்கு மேல் என்ன செய்வது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் உடன்பாடு இல்லை. 14 வரை பொறுக்க வேண்டும் என்கிறேன் நான். 12 முடிந்ததும் பிரித்தால்தான் மாவட்டத் தேர்வுக்குத் தயாராக முடியும் என்கிறார் அவர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதால் நான் அதிகம் வற்புறுத்தவில்லை. விட்டுப்போன இரண்டு குடும்பங்களில் ஒன்றின் பிள்ளை எங்கள் அணியிலேயே வேகமானவன். அந்த இழப்பு உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

பொங்கலுக்குப் பிறகு மறுபடி கடலூர் போனோம். முதல் ஆட்டத்தில் 4-1 என்று தோற்றோம், இரண்டாவதில் 1-1, அத்தோடு வீடு திரும்பினோம். 12ஆம் எண் பையன் இரண்டு ஆட்டத்திலும் ஆடினான். சிறப்பாக ஆடினான் என்று எழுத ஆசைதான், சுமாராக ஆடினான். இரண்டு முறை இடித்து விழுத்தினார்கள், இரண்டு முறையும் எழுந்தான். ஒருமுறை வலது ஓரத்தில் பந்தை நிறுத்தி, ஓடி வந்தவனை ஏமாற்றி உள்ளே திரும்பினான். அவன் அப்படிச் செய்வான் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவனை நாங்கள் அதற்குமுன் ஆட்டத்தில் பார்த்ததே இல்லையே.

திரும்பும் வழியில், கன்னியக்கோயில் தாண்டியபோது, மாஸ்டர் என்னிடம் தாளைக் கேட்டு வாங்கினார். தன் குறிப்போடு ஒவ்வொரு பெயராக ஒத்துப் பார்த்தார். தவளக்குப்பம் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு பேனாவைக் கேட்டார்.

“இந்த எட்டாம் நம்பரு பையனுக்கு ரெண்டாவது ஆட்டத்துல மூணு நிமிஷம் கொறைஞ்சு போச்சும்மா. ரெஃப்ரி சீக்கிரம் ஊதிட்டாரு. ஞாயித்துக்கிழமை அவனைத்தான் முதல்ல எறக்கணும்” என்று சொல்லிவிட்டு, பேருந்தின் குலுக்கலில் கோணல் மாணலாக, அந்தப் பெயருக்கு நேரே ‘3 நிமிடம் பாக்கி’ என்று எழுதினார்.